மேடை மைக்கா, சிட்காம் தயாரிப்பா?

மூன்று வருடம் ஓபன் மைக்கில் (யார் வேண்டுமானாலும் ஏறி ஜோக் சொல்லும் மேடை) நின்றுவிட்டு, இப்போது ஒரு சிட்காமில், அதாவது டிவி நகைச்சுவைத் தொடரில், எழுத்தாளர், இணைத் தயாரிப்பாளர். "ஸ்டாண்ட்-அப்பை ஏன்டா விட்டே?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுதான் பதில்.

மேடையில் செலவில்லை, யாரும் கத்திரி வைப்பதில்லை, கைதட்டல் உடனே வரும். தொலைக்காட்சியில் எல்லாம் நேர்மாறு. இது தெரிந்த கதை. என்னை நகர்த்தியது மறுவிற்பனை: ஒருமுறை செய்ததைத் திரும்பத் திரும்ப விற்க முடிவது.

அம்மாவின் மிக்ஸியை வைத்து ஆறு நிமிட காமெடி செட் ஒன்று வைத்திருந்தேன். தேற்ற எட்டு மாதம் ஆயிற்று. யூடியூபில் ஏற்றிய அடுத்த வாரமே, முன்வரிசையில் ஒருவர் நான் சொல்வதற்கு முன்பே பஞ்ச்லைனைச் சொல்லிவிட்டார். அதோடு செட் காலி. பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்பார்கள், ஜோக்குக்கு யார் கேட்கிறார்கள்? அமெரிக்க ஸ்டாண்ட்-அப் ஜாம்பவான் ஜெர்ரி சைன்ஃபெல்டே 1998இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் பழைய மெட்டீரியலைக் கடைசியாக ஒருமுறை சொல்லி மூட்டை கட்டினார். எச்பிஓ சேனலில் வந்த அந்த நிகழ்ச்சி, ஜோக்குகளுக்குச் சவ அடக்கம் நடக்கும் காட்சியோடுதான் தொடங்கும்.

அவருடைய 'சைன்ஃபெல்ட்' சிட்காம் கதையே வேறு. 1989இல் முதல் எபிசோடைச் சோதனைக்குப் போட்டபோது பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். என்பிசி சேனல் மேற்கொண்டு கேட்டது நான்கே எபிசோடு. தொடரைச் சேர்ந்து உருவாக்கிய கூட்டாளி லேரி டேவிட், ஒருமுறை மேடையேறி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, வேண்டாம் என்று இறங்கிப் போனவராம். அப்படிப்பட்டவரோடு தொடங்கிய தொடர் 1998க்குள் 180 எபிசோடுகளைத் தொட்டது. அமெரிக்காவில் 100 எபிசோடு சேர்ந்தால் உள்ளூர் சேனல்களுக்குத் திரும்பத் திரும்ப விற்கலாம் என்பது பழைய கணக்கு, சிண்டிகேஷன் என்பார்கள். முடிந்து 23 வருடம் கழித்து, 2021இல், அதே எபிசோடுகள் நெட்ஃபிளிக்ஸிலும் ஓடின.

ஆனால் அந்தப் பணம் எல்லோருக்கும் போகவில்லை. கூட நடித்த மூவருக்கும் கடைசி சீசனில் எபிசோடுக்குத் தலா 6 லட்சம் டாலர் சம்பளம். லாபப் பங்கோ அவர்களுக்கு இல்லை, தொடரை உருவாக்கிய இருவருக்கு இருந்தது.

இது எனக்கு உறைக்கக் கொஞ்சம் தாமதம். முதல் தொடருக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மறுவருடம் அம்மா போன் பண்ணி, "மத்தியானம் உன் நாடகத்தைத் திரும்பப் போடறாங்கடா" என்று பூரித்துப்போனாள். எனக்கு ஒரு பைசா வரவில்லை. இந்தத் தொடருக்குப் பங்கை எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தேன். பங்கு தரமாட்டோம் என்றால், சரி, மேடையே மேல். அங்கே அன்றைய காசாவது அன்றே கைக்கு வரும்.

எட்டு எபிசோடு ஓடிடி தொடர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை.

வியாழக்கிழமைகளில் மட்டும் பழைய கஃபேவுக்குப் போய் மைக்கைப் பிடிக்கிறேன். எபிசோடுக்கு எழுதிய வசனத்துக்குச் சிரிக்கிறார்களா என்று பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது.