ஹெர்மிஸ் கிடக்கும் இடத்துக்கு ஒரு படகுப் பயணம்

மட்டக்களப்பின் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கத்திலிருந்து, இரண்டாம் உலகப் போரில் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிய இடத்துக்கு அழைத்துச் செல்லும் படகுச் சேவை ஒன்றில் கடந்த சித்திரை மாதம் நாங்கள் நான்கு பேர் சென்று வந்தோம். எங்களில் எவரும் சுழியோடி அல்லர். கப்பல் சுமார் 53 மீட்டர் ஆழத்தில் இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. 40 மீட்டரோடு நின்றுவிடும் வழக்கமான சுழியோட்டப் பயிற்சி அதற்குப் போதாது. ஆகவே மேலே நின்று பார்த்துவிட்டு வருவதற்கென்றே பணம் கொடுத்தோம். "தண்ணியப் பார்க்கவா காசு குடுத்துப் போறீங்க?" என்று வீட்டில் சிரித்தார்கள்.

கட்டணத்தை ஆளுக்கு அல்ல, படகுக்கு வாங்குகிறார்கள்; நான்கு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னவர்கள் ஏழுக்குத்தான் படகைத் தள்ளினார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குத் தந்த உயிர்காப்பு அங்கியின் கொளுவி உடைந்து, அதை நைலோன் நூலால் கட்டி வைத்திருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் திறந்த கடலுக்குள் போகிறவர்கள் இதில் அலட்சியம் காட்டலாகாது.

படகோட்டியைப் பற்றி எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. அறுபதைத் தாண்டிய அந்த ஐயா, கரையில் தெரிந்த வெளிச்சவீட்டையும் தென்னைகளையும் கண்ணால் அளந்தே திசை பிடித்தார். மீன் பார்க்கும் கருவியை இடம் நெருங்கிய பிறகே முடுக்கினார். 50 மீட்டரைத் தாண்டி ஆழம் காட்டிக்கொண்டிருந்த எண் சட்டென்று 40ஐ நோக்கி ஏறியது. திரையில் தட்டையாக ஓடிய கோடு ஒரு மேடாக எழுந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "இதுக்குக் கீழதான் கிடக்கு மகன்," என்றார். அதன் பிறகு அவர் பேசவில்லை. நாங்கள் கொண்டுபோயிருந்த செவ்வரத்தம் பூக்களை விட்டோம். நீரோட்டம் அவற்றை வடக்கே இழுத்துக்கொண்டு போயிற்று.

அந்த அமைதியைக் கெடுத்தவர் உடன் வந்த இளம் வழிகாட்டி. எண்பது விமானங்களோடு கப்பல் மூழ்கியது என்றார். உண்மை அதற்கு நேர்மாறு, கதையின் துயரமும் அதிலேயே இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஹெர்மிஸில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. ஜப்பானியத் தாக்குதல் வருமென்று அறிந்து முதல்நாள் இரவு திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்த கப்பல், திரும்பிப் போகும் வழியில், மட்டக்களப்புக்கு நேரே அகப்பட்டுக்கொண்டது. நான்கு நாட்களுக்கு முன் கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் படையணியிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்கள் சுமார் 40 குண்டுகளை அதன்மேல் விழுத்தின. இருபது நிமிடம்போல, அவ்வளவுதான். 307 பேர் இறந்தார்கள். வீரத்துக்கான டி.எஸ்.சி. பதக்கம் பெற்றிருந்த கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோவும் கப்பலோடு போனார். துணைக்கு வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் அன்றே உடைந்து மூழ்கியது; அதன் தளபதி மோரனும் திரும்பவில்லை. நீரில் தத்தளித்தவர்களில் ஏறத்தாழ 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

உலகின் முதல் விமானந்தாங்கி என்று அந்தச் சேவையினர் அச்சிட்டிருக்கும் துண்டுப்பிரசுரமும் பாதிதான் சரி. விமானந்தாங்கியாகவே வடிவமைத்து, 1918இல் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் இது; ஆனால் வேலை முடிந்து கடற்படையில் சேர்வதில் ஜப்பானின் ஹோஷோ 1922இலேயே முந்திக்கொண்டது. இப்படிப்பட்ட விவரங்களை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்? அந்த மாலுமிகளின் பெயர்கள் பொறித்த தூண்கள் பிரித்தானியாவின் துறைமுக நகரங்களில் நிற்கின்றன. அவர்கள் கிடப்பதோ நம்முடைய கடலில். இது நினைவிடம் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள், அங்கே போய்ப் பாட்டுப் போடலாமா என்று கேட்கக் கூடாது. எங்களிடம் கேட்டார்கள்.

சுழியோடத் தெரிந்தவர்களுக்கு, அன்றைய தினமே மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது. அதைப் பார்ப்பது எளிது. மேலே நின்று பார்க்கிறவர்கள் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்குள், காற்று எழும் முன்னர், விடியவே போய்விட வேண்டும். படகில் நிழல் இல்லை. தொப்பியும் தண்ணீரும் நீங்களே கொண்டுபோங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் இயந்திரம் நின்றபின் படகு ஆடும் ஆட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்; எங்களில் ஒருவர் அங்கேயே வாந்தி எடுத்தார்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். மூன்றும் அந்தப் படகோட்டி ஐயாவுக்கே. இன்னொரு முறை போக எண்ணம் உண்டு. அங்கிகளின் கொளுவியை மாற்றினார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு, அவரே வருவாரா என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்டுதான் பணம் கட்டுவோம்.