பி.எஸ்சி. வேதியியலுக்கு உதவித்தொகை: தொகையைப் பார்ப்பதா, ஆய்வகத்தைப் பார்ப்பதா?

பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஸ்காலர்ஷிப்ல சார் தொகை அதிகம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் தொகையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் வேதியியல் மாணவருக்குத் தவறான விடைதான் கிடைக்கும். கல்லூரிச் செலவைத் தாங்கும் பணம் ஒரு வகை. கோடையில் ஒரு நல்ல ஆய்வகத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பணம் இன்னொரு வகை. முதல் வகை கிடைக்காவிட்டால் சில பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடுவார்கள். இரண்டாவது கிடைக்காதவர்கள் டைட்ரேஷன், சால்ட் அனாலிசிஸ் போன்ற வழக்கமான பாடப் பரிசோதனைகளை மட்டும் செய்து முடித்து, விடை தெரியாத ஒரு வேதிவினையைத் தாங்களே ஓட்டிப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

பெரிய தொகையிலிருந்து ஆரம்பிக்கலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 20,000 கோடை ஆய்வுத் திட்டத்துக்கு. அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இளநிலையில் தொடங்கி முதுநிலை வரை அதிகபட்சம் 5 ஆண்டுகள் கிடைக்கும். குடும்ப வருமான வரம்பு இல்லை. ஆனால் பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். அல்லது ஜேஇஇ, நீட் போன்ற தேர்வுகளில் முதல் 10,000 இடங்களுக்குள் வந்துவிட்டு, அடிப்படை அறிவியலைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மாநில வாரியத்தில் ஆண்டுதோறும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பிளஸ் டூ எழுதுகிறார்கள். அதில் ஒரு சதவீதம் என்றாலும் சில ஆயிரம் பேர். அவர்களில் பெரும் பகுதி மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போய்விடுகிறது. வேதியியலுக்கு வரும் மீதிப் பேரில், தனக்குத் தகுதி இருக்கிறது என்று தெரியாமலேயே முதலாம் ஆண்டைக் கடத்திவிடும் பிள்ளை ஒவ்வொரு வருஷமும் உண்டு. பெரும்பாலும் அது கிராமத்துப் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கி, வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணாக இருக்கும். அந்த ஆண்டுக்கான விண்ணப்பத்தைத் தவறவிட்டால் இழப்பு பெரிது. கல்லூரி சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த ஒரு சதவீதத்துக்கான கட்-ஆஃப் மதிப்பெண் என்ன என்று பார்த்து, முதல்வர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்ஸ்பயரின் குறை, பணம் வரும் நேரம். மதிப்பெண் பட்டியலைப் பதிவேற்றி, சரிபார்த்து, அப்புறம் மொத்தமாக வரும். ஜூன் மாதக் கட்டணத்துக்கு அதை நம்பி உட்கார முடியாது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மதிப்பெண் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் போட்டியாக நிற்பது, பி.எம்.-யு.எஸ்.பி. என்று இப்போது அழைக்கப்படும் மத்தியத் துறை உதவித்தொகை. இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000. இன்ஸ்பயருக்கு முன்னால் சிறிய தொகைதான். ஆனால் வலை மிகப் பெரியது: நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 புதிய உதவித்தொகைகள், அதில் பாதி பெண்களுக்கு. தங்கள் வாரியத்தில் அந்தப் பாடப்பிரிவில் தேறியவர்களில் மேல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் போதும். ஒரு சதவீதத்தை மயிரிழையில் தவறவிட்ட பிள்ளைக்கு இதுதான் சரியான இடம். ஆனால் இதை வாங்கினால் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று இதன் விதி சொல்கிறது. இரண்டுக்கும் தகுதி இருந்தால், யோசிக்கவே வேண்டாம், இன்ஸ்பயர்தான்.

அதே 12,000 ரூபாயை மாநில அரசு வேறு விதமாகத் தருகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. இதற்கு மதிப்பெண் வரம்பு கிடையாது. ஒரு வருஷம் கழித்து வரும் 12,000-ஐ விட மாதாமாதம் வரும் 1,000 பல குடும்பங்களுக்கு மேலானது என்பது என் கருத்து. பஸ் செலவு, ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் மாதாமாதம்தானே வருகின்றன? புதுமைப் பெண் திட்டம் வேறு உதவித்தொகையைத் தடுப்பதில்லை. ஆனால் மேலே சொன்ன மத்தியத் திட்டத்தின் விதி தனி. இரண்டையும் நினைப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் கல்லூரியில் உதவித்தொகைகளைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் கேட்டுவிடுவது நல்லது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எல்லாவற்றுக்கும் முதலில் வைக்க வேண்டும். அது கட்டணத்தையே பார்த்துக்கொள்கிறது.

தனியார் பக்கம் இரண்டைச் சொல்லலாம். ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை உதவித்தொகை படிப்புக் காலம் முழுமைக்கும் 2 லட்சம் வரை தருகிறது. ஆண்டுக்கு 5,000 பேர், குடும்ப வருமானம் 15 லட்சத்துக்குள், ஒரு திறனறித் தேர்வும் உண்டு. பெண்களுக்கு லோரியால் இந்தியா 2.5 லட்சம் வரை தருகிறது. பிளஸ் டூவில் 85 சதவீதம் வேண்டும். இரண்டுமே போட்டி கடுமையான இடங்கள். விண்ணப்பிக்கச் செலவில்லை என்பதால் போட்டுப் பார்க்கலாம், நம்பி இருக்க வேண்டாம்.

சரி, இனி ஆய்வகம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

இன்ஸ்பயரின் அந்த 20,000 ரூபாய் இருக்கிறதே, அந்தத் திட்டத்தின் மிக மதிப்பான பகுதி அதுதான். அதிகம் வீணாவதும் அதுதான். கோடையில் ஆறு முதல் எட்டு வாரம் ஒரு ஆய்வாளரிடம் வேலை செய்து, அறிக்கையும் சான்றிதழும் பதிவேற்றினால் இந்தத் தொகை வரும். ஆனால் அந்த ஆய்வாளரை, அதாவது கைடைத் தேடிப் பிடிக்கும் வேலை மாணவருடையது. இரண்டாம் ஆண்டு படிக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, முன்பின் தெரியாத பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதவே கை நடுங்கும். அதனால் பலர் கடைசி நேரத்தில் யாரிடமோ ஒரு தலைப்பை வாங்கி, நூலகத்தில் உட்கார்ந்து இருபது பக்கம் எழுதி முடித்துவிடுகிறார்கள். தொகை வந்துவிடும், ஆய்வகத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். ஏனென்றால் போக இடம் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைகள், மதுரையிலும் திருச்சியிலும் பல்கலைக்கழக வேதியியல் பள்ளிகள் இருக்கின்றன. சில இடங்களில் பயிற்சிக் கட்டணம் கேட்பார்கள், அதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கைடு தேடும் இந்தச் சுமையை மாணவர் தலையிலிருந்து பெருமளவு இறக்கி வைப்பது அறிவியல் அகாடமிகளின் கோடை ஆய்வு நிதிநல்கை. பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜின் தேசிய அறிவியல் அகாடமி மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. இரண்டு மாதம். மாத ஸ்டைபெண்டும், போய் வர ரயில் கட்டணமும் உண்டு. தேர்வானவர்களை இந்திய அறிவியல் கழகம், ஐஐடி, ஐசர் (IISER) போன்ற மத்தியக் கல்வி நிறுவனங்கள், சிஎஸ்ஐஆர் என்ற மத்திய ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகங்கள் என்று அவர்களே ஒரு விஞ்ஞானியிடம் அனுப்பி வைக்கிறார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து 65 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதாவது இன்ஸ்பயர் கதவு மூடிய பிள்ளைக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது.

விண்ணப்பத்தில் இரண்டு விஷயம் கனமானவை. ஒன்று, அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்ய ஆசை என்று எழுதும் சிறு குறிப்பு. "கரிம வேதியியலில் எனக்கு ஆர்வம் அதிகம்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. நீங்கள் ஆய்வகத்தில் செய்த ஒரு சோதனையைச் சொல்லி, அதில் கிடைத்த விளைபொருளின் அளவு ஏன் குறைந்தது, அதை அறிய என்ன செய்து பார்ப்பீர்கள் என்று எழுதுங்கள். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இன்னொன்று ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "ஒழுக்கமான, கடினமாக உழைக்கும் மாணவி" என்று எல்லாருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுப்பது அந்தப் பெண்ணுக்கு உதவாது. அவள் எந்தக் கேள்வியைக் கேட்டாள், எந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்தாள் என்று எழுத வேண்டும். இதே திட்டத்தில் கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு ஆசிரியர் போய் வந்தால் அடுத்த பத்து வருஷத்து மாணவர்களுக்கு வழி தெரிந்துவிடும்.

தொகையில் பார்த்தால் அகாடமிகளின் இரண்டு மாதம், இன்ஸ்பயரின் ஓராண்டுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் ரோட்டரி எவாப்பரேட்டரைத் தானே இயக்கி, 'காலம்' (column) குரோமடோகிராபியில் ஒரு சேர்மத்தைத் தானே பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையைத் தானே படித்த பிள்ளைக்கு, அப்புறம் முதுநிலைச் சேர்க்கைக்கான ஜாம் (JAM) நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதும் முதுநிலை நேர்முகத்தில் பேசுவதும் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன.

இதைவிட ஆழமாகப் போகும் இரண்டு திட்டங்கள் வேதியியல் மாணவர்களுக்கு உண்டு, நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாதவை. பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் போஸ் (POCE) திட்டம் ஒன்று. முதலாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்களில் மிகச் சிலரை மட்டும் எடுத்து, தொடர்ந்து மூன்று கோடைகள் அங்கே வரவழைத்து, முடிவில் ஒரு டிப்ளமோவும் கொடுப்பதாக அமைந்தது அது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் நியஸ் (NIUS) திட்டம் இன்னொன்று. 2004-இல் தொடங்கியது. முதலில் ஒரு முகாம், அதில் தேறியவர்களுக்கு ஓரிரு ஆண்டுகள் தொடரும் ஆய்வுத் திட்டம். அகாடமி வழியில் இரண்டு மாதம் முடிந்ததும் ஆய்வு பாதியில் நின்றுபோகும். இவற்றில் அதே பிள்ளை திரும்ப வந்து, போன வருஷம் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறது. ஒரு தவறான முடிவைத் தானே கண்டுபிடித்துத் திருத்தவும் நேரம் கிடைக்கிறது. ஆய்வு என்றால் என்ன என்று புரிய அந்த இரண்டாவது வருகைதான் தேவை. இரண்டுமே பெரும்பாலும் முதலாம் ஆண்டு மாணவரைத்தான் தேடுகின்றன. இரண்டாம் ஆண்டில் இவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டால் வாய்ப்பு கைநழுவியிருக்கலாம். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து, முதலாம் ஆண்டுக்குள்ளேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் கேவிபிஒய் (KVPY) என்ற பழைய மத்திய அரசு உதவித்தொகையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1999 முதல் நடந்த அந்தத் திட்டத்தில் இளநிலை மாணவருக்கு மாதம் 5,000 ரூபாயும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் இதர செலவுத் தொகையும் கிடைத்தன. கூட்டிப் பார்த்தால் அதே 80,000. 2022-இல் அதை நிறுத்தி இன்ஸ்பயரோடு சேர்த்துவிட்டார்கள். தொகை போகவில்லை, தேர்வு முறை போய்விட்டது. கேவிபிஒய் தனியாக ஒரு திறனறித் தேர்வு வைத்து ஆட்களை எடுத்தது. வாரியத் தேர்வில் மனப்பாடம் கைகொடுக்காத, ஆனால் ஒரு வினையின் வழிமுறையைத் தானே யோசித்து எழுதும் பிள்ளைக்கு அது ஒரு வழி. இன்றைக்கு அப்படிப்பட்ட பிள்ளைக்கு அகாடமிகளும் நியஸும்தான் மிச்சம். அதனால்தான் அவற்றை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாணவர் கைக்கு வராத ஒரு பணத்தையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டம் இளநிலை அறிவியல் துறைகளின் ஆய்வகங்களுக்கு நிதி தருகிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் டிஎஸ்டி-ஃபிஸ்ட் திட்டம் கருவிகள் வாங்க உதவுகிறது. பெயரில் உயிரித் தொழில்நுட்பம் இருந்தாலும் ஸ்டார் திட்டத்தில் வேதியியல் துறைகளும் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நிதி வாங்கிய துறையா என்று கேளுங்கள். அதோடு நிற்காமல், "இளநிலை மாணவர்கள் ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) கருவியைத் தொடலாமா, மூன்றாம் ஆண்டில் பிராஜெக்ட் உண்டா?" என்றும் கேளுங்கள். கருவி வாங்கி அறையைப் பூட்டி வைத்திருக்கும் துறையும் உண்டு, பழைய கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாணவரையும் இயக்கவிடும் துறையும் உண்டு. இரண்டாவதில் சேர்ந்தால் அங்கே இல்லாத உதவித்தொகையை வெளியில் தேடிக்கொள்ளலாம்.

இப்போது முதலாம் ஆண்டில் இருப்பவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்து, அரசின் நேரடிப் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வருமா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால் நிற்கும் உதவித்தொகைகள் ஏராளம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒருமுறைப் பதிவை முடியுங்கள். இன்ஸ்பயருக்கோ மத்தியத் துறைத் திட்டத்துக்கோ, தகுதி எதற்கு இருக்கிறதோ அதற்கு விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். அப்புறம் நியஸ், போஸ் அறிவிப்புகளைத் தேடிப் பாருங்கள். அகாடமிகளின் விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் ஓடும், அதற்கான குறிப்பை செப்டம்பரிலேயே எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். பருவத் தேர்வு மே மாதத்துக்குள் நுழைந்து ஆய்வுக் காலத்தோடு இடித்தால், பயந்து விலகிவிடாதீர்கள். தேர்வு அட்டவணையை இணைத்துக் கைடுக்கு எழுதி, இரண்டு வாரம் தள்ளி வரலாமா என்று கேளுங்கள். வெளியூருக்குத் தனியாக அனுப்ப வீட்டில் தயங்கினால், தங்குமிடம் எங்கே, கைடு யார், எத்தனை மணிக்கு ஆய்வகம் மூடும் என்ற விவரங்களோடு அப்பா அம்மாவை உங்கள் ஆசிரியரிடம் பேச வையுங்கள்.