போனில் படிப்பதா, லேர்னர்ஸுக்கு (சாரதிப் பயிற்சிப் பள்ளிக்கு) போவதா?

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சைக்கு போனே போதும். 40 கேள்விகள், தமிழிலேயே எழுதலாம். வீதிச் சமிக்ஞைகளை நாலு தரம் பார்த்தால் மனதில் நிற்கும். அதற்காகத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ஹட்டனில் அரை நாளைக் கழிக்கத் தேவையில்லை. (போன் சிக்னலுக்கு மேட்டில் ஏற வேண்டும், அது வேறு கதை.)

ஹாஃப் கிளச்சை, அதாவது கிளச்சைப் பாதி மட்டும் விட்டுப் பிடிப்பதை, எந்த வீடியோவும் கற்றுத்தராது. ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை விடுமுன் இன்ஜின் சத்தம் தாழ்ந்து வண்டி லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கால்தான் பிடிக்க வேண்டும். றம்பொடை இறக்கத்தில், "தம்பி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போகாத, சூடாகிரும், ரெண்டாம் கியர் போடு" என்று அதட்ட லேர்னர்ஸ் மாஸ்டர் பக்கத்தில் இருக்கணும். கையில் இருக்கும் காசை இதற்கே வையுங்கள்.