தவளைகளின் உடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களைக் காண வாங்கிய இருகண் நுணுக்குக்காட்டி

திருகோணமலை நகரக் கடையொன்றில் வாங்கிய, 20 மடங்கும் 40 மடங்கும் பெரிதாக்கும் இந்த இருகண் நுணுக்குக்காட்டியை, மாரி மழைக்குப் பின் வீதியில் வாகனங்களில் அடிபட்டு இறந்த தவளைகளையும் தேரைகளையும் ஆராய ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றின் நுரையீரலில் இரத்தம் குடித்துக் கறுத்திருக்கும் ராப்டியாஸ் உருளைப்புழு வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆயினும் அதன் உடலினுள் நிரம்பிய முட்டைகளை 40 மடங்கில் கண்டபோது கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று உணர்ந்தேன். இப்புழுவின் குடம்பி, அதாவது இளம்பருவப் புழு, ஈர மண்ணிலிருந்து தோலைத் துளைத்தே நுழைவதால் நகரத் தோட்டத்திலும் காட்டிலும் அது வாழ இயலும். தவளைகளில் காணும் தட்டைப்புழுக்கள் பலவற்றின் குடம்பிகள் வளரவோ நத்தை வேண்டும்; ஆகவே எங்கே எப்புழு உண்டென்று சீமெந்து வடிகாலையும் காட்டோரக் குளத்தையும் ஒப்பிடுவோர் தவளைகளோடு நத்தைகளையும் பார்க்க வேண்டும்.

கன்னியாப் பக்கத்துக் குளத்து நத்தைகளை நீருள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் வெளிச்சத்தில் வைக்கும்போது சிலவற்றிலிருந்து வெளிவரும் தட்டைப்புழுக்களின் வாலுடைய குடம்பிகளை, கறுப்புத் தட்டின் மேல் இக்கருவி தெளிவாகக் காட்டுகிறது. இத்தகைய குடம்பிகள் மரத்தவளை வாற்பேத்தைகளின் உடலை உருக்குலைப்பதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர் என்பதால், அக்காட்சி எனக்கு வியப்பையும் கவலையையும் ஒருங்கே தந்தது.

குவியத் திருகு ஆறே மாதத்தில் தளர்ந்தது. விற்றவர் மாற்றித் தர மறுத்தார். மேல் விளக்கும் மங்கலானது. புழுவின் இனத்தை உறுதிசெய்ய இது போதாது. எனினும் விலங்கியல் கற்கும் மாணவருக்கு இதனைப் பரிந்துரைப்பேன். கையுறையையும் சேர்த்து வாங்குக.