குன்னூர் ஏஜென்ட்டா, போனில் ஒப்பீட்டுத் தளமா: பழைய பைக்குக்கு இன்ஷூரன்ஸ் வாங்கியது

பைக் இன்ஷூரன்ஸில் "எங்ககிட்டதான் கம்மி" என்று யார் சொன்னாலும், எதில் கம்மி என்று கேட்டுப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி பகுதியில், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கான பகுதியில், யாராலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. அந்த விலை அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை வருடத்துக்கு 714 ரூபாய், 150-ஐத் தாண்டினால் 350 வரை 1,366, அதற்கும் மேல் போனால் 2,804. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இன்னும் வண்டி வாங்காதவர்கள் இந்த 150 என்ற கோட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 149 சிசி வண்டிக்கு 714, 155 சிசி வண்டிக்கு 1,366, ஆறு சிசிக்காக வருடா வருடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 350 சிசி புல்லட் 1,366-இலேயே நின்றுவிடும், ஹிமாலயன் ஆசைப்பட்டால் 2,804.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு ப்ரீமியம் அதிகம் என்ற பயம் எனக்கும் இருந்தது. வெளிநாட்டு பைக் வீடியோக்கள் பார்த்துப் பார்த்து வந்த பயம் அது. அங்கே வயதுக்கும் அனுபவத்துக்கும் தகுந்த மாதிரி விலை ஏறும். நம் ஊரில் லைசென்ஸ் நேற்று வாங்கியவருக்கும் இருபது வருடமாக ஓட்டுபவருக்கும் தேர்ட் பார்ட்டி அதே 714தான். நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில் பார்ப்பது பெரும்பாலும் வண்டியைத்தான்: எத்தனை சிசி, எத்தனை வயசு, ஐடிவி (வண்டி திருடுபோனாலோ முழுதாக அழிந்தாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை) எவ்வளவு, எங்கே பதிவானது. சென்னை மாதிரிப் பெருநகரப் பதிவுக்குக் கொஞ்சம் கூட, நம்ம நீலகிரியின் டிஎன் 43-க்குக் கொஞ்சம் குறைவு. புதியவருக்கு உண்மையில் இல்லாமல் போவது என்சிபி ஒன்றுதான், அதாவது க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் தள்ளுபடி. அது வண்டியோடு வராது, ஆளோடு போகும். "என் வண்டிக்கு அம்பது பர்சென்ட் என்சிபி இருக்கு" என்று விற்பவர் பெருமையடித்தால் சிரித்துவிட்டு விலையைப் பேசுங்கள்.

என் வண்டி 2019 மாடல், 149 சிசி, கோத்தகிரியிலேயே கைமாறியது. "இன்ஷூரன்ஸ் லைவ்ல இருக்கும்மா, கவலைப்படாத" என்றார் விற்றவர். இருந்ததுதான், ஆனால் வெறும் தேர்ட் பார்ட்டி, அதுவும் அடுத்த மாதமே முடிகிறது. 2018 செப்டம்பர் முதல் வாங்கிய புது பைக் எல்லாவற்றுக்கும் ஐந்து வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இந்தக் குழப்பம் நிறைய. ஐந்து வருடம் ஓடுவது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், ஓன் டேமேஜ் பலருக்கு முதல் வருடத்தோடு நின்றிருக்கும். எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதிவரை என்று காட்டிவிடும். எந்த வகை என்பதற்குக் காகிதத்தை வாங்கிப் படிப்பதுதான் வழி. இன்னொன்று, வண்டி கைமாறினால் தேர்ட் பார்ட்டி சட்டப்படி தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும், ஓன் டேமேஜ் அப்படி வராது. பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய ஆள் பெயரிலேயே பாலிசியை விட்டுவிட்டு வண்டியை மோதிக்கொண்டால், பணம் அவருக்கும் வராது, உங்களுக்கும் வராது.

சரி, கடைகளுக்கு வருகிறேன்.

முதலில் போனில் ஒரு ஒப்பீட்டுத் தளம். வேகத்தில் குறை சொல்ல முடியாது, வண்டி எண்ணைப் போட்டதும் மாடல், வருடம், பழைய கம்பெனி எல்லாம் வந்துவிட்டது. பெரிய எழுத்தில் 714. அடுத்த பக்கத்தில் வரியோடு 843. அதற்கடுத்த பக்கத்தில் நான் கைவைக்காமலே நான்கைந்து கட்டங்களில் டிக் விழுந்திருந்தது, தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, "உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பை நீக்குகிறீர்களா?" என்று சோகமாக ஒரு பெட்டி வந்து வந்து நின்றது. ஐடிவியைத் தள்ளுவதற்கு ஒரு கோடு இருக்கிறது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது என்பதால் இடம் நிறையவே கொடுத்திருக்கிறார்கள். அதை அடிமட்டத்துக்கு இழுத்தால் நூறு ரூபாய் சொச்சம் மிச்சம், ஆனால் வண்டி திருடுபோனால் கைக்கு வரும் தொகையில் பத்தாயிரம் போய்விடும். தளம் இதைச் சொல்வதில்லை, "மலிவான பிளான்" என்று பச்சையில் காட்டுகிறது. அதைவிடக் கடுப்பு, போன் நம்பர் கொடுத்த பிறகு வரும் அழைப்புகள். இரவு எட்டரைக்கும் கூப்பிடுகிறார்கள்.

பிறகு அந்தத் தளம் காட்டியவற்றில் ஒரு கம்பெனியின் உதவி எண்ணுக்கே நேராகப் பேசினேன். என் கேள்வி ஒன்றே ஒன்று. நான் அரவேனு பக்கம், மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் வண்டி நின்றுவிட்டால் யார் வருவார்? பின்கோடு கேட்டார்கள், 643 என்று தொடங்கியதுமே "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்றார்கள். காத்திருந்து கிடைத்த பதில், கோயம்புத்தூரிலிருந்து வண்டி வரும், நேரம் சொல்ல முடியாது. பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் கேரேஜ்களின் பட்டியல் கேட்டேன், அனுப்பியதில் எல்லாமே கீழே. மலையில் ஒன்றுகூட இல்லை. விலை குறைவுதான், ஆனால் அந்த பாலிசி கோயம்புத்தூர்காரருக்காகப் போட்டது.

மூன்றாவதாகக் குன்னூர் பெட்போர்டு பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு ஏஜென்ட். பொதுத்துறைக் கம்பெனி ஒன்றுக்கும் தனியார் ஒன்றுக்கும் எழுதுகிறார். போனதும் விலை சொல்லவில்லை. "வண்டி எங்கம்மா ஓடும்? மேலயே சுத்துமா, கீழ இறங்குமா?" என்றார். "வேலைக்குக் குன்னூர் வரை தினமும் அண்ணா, மாசத்துக்கு ரெண்டு தடவை கோயம்புத்தூர்" என்றேன். "அப்ப டோயிங் பாத்துக்கலாம், மத்ததெல்லாம் அப்புறம்" என்று சாதா பாலிசியின் அச்சடித்த தாளை எடுத்து ஒரு வரியில் பேனாவை வைத்துக் காட்டினார். விபத்தில் சிக்கிய இரு சக்கர வண்டியை அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுபோக அதிகபட்சம் 300 ரூபாய். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பது கிலோமீட்டருக்கு மேல், அத்தனை வளைவிலும் பைக்கை ஏற்றி இறக்க 300 ரூபாய்க்கு எந்த பிக்கப்காரர் வருவார்? அதனால் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் தனியாகச் சேர்த்தார், அதிலும் மலைக்கு வரும் ஒப்பந்தம் உள்ள கம்பெனி எது என்று பார்த்துச் சேர்த்தார்.

அவர் கொடுத்த கணக்கு: தேர்ட் பார்ட்டி 714, ஓன் டேமேஜ் 410, எனக்கான விபத்துக் காப்பீடு 330, ரோடு உதவி 90. வரியோடு 1,822. தளத்தில் அதே சேர்க்கை 1,763 காட்டியது. 59 ரூபாய் வித்தியாசத்துக்கு, க்ளெய்ம் என்றால் படியேறிப் போய் உட்கார ஒரு நாற்காலி இருக்கிறது. எனக்கு அது போதும்.

அந்த பாலிசித் தாளை வீட்டில் முழுதாகப் படித்தேன், நீங்களும் படிக்கலாம். ஓன் டேமேஜில் எதற்கெல்லாம் பணம் உண்டு என்ற பட்டியலில் நிலச்சரிவு, பாறைச்சரிவு என்று தனியாகவே போட்டிருக்கிறது. வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழையோடு உறைபனிகூட இருக்கிறது. ஜனவரியில் ஊட்டிக்காரர்கள் சீட்டிலிருந்து பனியைச் சுரண்டும்போது நினைத்துக்கொள்ளலாம். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனதை வீட்டில் இன்னும் பேசுவார்கள், ரோட்டோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இந்த வரி வெறும் எழுத்து இல்லை. ராத்திரி வளைவில் காட்டெருமை வந்து மோதினாலும் அது விபத்துக் கணக்கில்தான் வரும். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. இன்ஷூரன்ஸே இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 அபராதம், அதற்கு 843 எவ்வளவோ மேல். ஆனால் மலையில் ஓட்டுபவர் அந்த 843-இல் நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதிதாக ஓட்டும்போது வண்டியைக் கீழே போடுவோம், தவிர்க்க முடியாது. ஈரமான தேயிலைச் சருகு கிடக்கும் ஏற்றத்தில் பாதியில் நின்று காலை ஊன்ற முடியாமல் சாய்வது இங்கே எல்லோருக்கும் நடப்பது. அதற்கெல்லாம் க்ளெய்ம் போகலாமா என்றால், கணக்குப் பாருங்கள். இண்டிகேட்டர், வைசர் எல்லாம் சேர்த்து 600 ரூபாய் பிளாஸ்டிக் என்று வையுங்கள். பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள், மிச்சம் 300. ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 100. கைக்கு வருவது 200, அதற்கு ஃபாரம், போட்டோ, அலைச்சல். பெரிய அடிக்கு மட்டும் போங்கள். என்சிபி போய்விடும் என்று பயந்து பெரிய அடியையும் விழுங்குகிறார்கள் சிலர். 410 ரூபாய் ஓன் டேமேஜில் 20 சதவீதம் 82 ரூபாய்தான், பழைய சின்ன வண்டிக்கு அதைப் பெரிதாக நினைக்க ஒன்றுமில்லை. தேய்மானம் கழிக்காத சீரோ டெப் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு உட்பட்ட வண்டிக்கே தருகிறார்கள். க்ளெய்மில் நாமே 1,000 ரூபாய் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் தள்ளுபடி உண்டு, ஆனால் 410-இல் கிடைப்பது அறுபது ரூபாய் சொச்சம்தான். வேண்டாம்.

விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்கு, உரிமையாளரே ஓட்டும்போது. ஏற்கெனவே அந்தத் தொகைக்குத் தனியாக பாலிசி வைத்திருந்தால் அந்த 330-ஐக் கட்ட வேண்டியதில்லை, இதை ஏஜென்ட்டே கேட்டார், தளம் கேட்கவில்லை. எல் லைசென்ஸில் ஓட்டுபவர்கள் எல் போர்டு ஒட்டாமலோ, சொல்லித் தருபவர் அல்லாத வேறு யாரையாவது பின்னால் ஏற்றியோ போனால், அந்த நேரத்து விபத்தில் கம்பெனி கையை விரிக்க நாமே காரணம் கொடுத்த மாதிரி. தம்பி தங்கைகளை ஏற்றிக்கொண்டு கொடநாடு வியூ பாயிண்ட் போவதை லைசென்ஸ் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருபவருக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் பாதுகாப்பு இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏஜென்ட்டிடம் குறை இல்லாமல் இல்லை. போனை எடுக்க மாட்டார், மதியம் ஒன்றரைக்கு மேல் எப்போது திரும்புவார் என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரருக்கே தெரியாது, பாலிசி பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வர மறுநாள் ஆனது. அது வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். போகும்போது ஆர்சி, பழைய பாலிசி, லைசென்ஸ், ஆதார் நகல் கொண்டுபோங்கள், வண்டியின் நான்கு பக்கப் போட்டோவும் கேட்பார். மே மாத சீசனில் பெட்போர்டில் பைக் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது, பஸ்ஸில் போய்விடுங்கள்.