முழங்கால் வரை வரும் கிளாஸ் 2 அழுத்தக் காலுறை: கோலாலம்பூர் புழுக்கத்துக்கு எது சரி?

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் பரிமாறுகிறவர்கள், பேரங்காடிப் பாதுகாவலர்கள், வார்டு தாதியர் என நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குச் சாயங்காலமானால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) சுருண்டு புடைக்கும். மருந்தகங்களில் இருக்கும் அழுத்தக் காலுறைகளில் இவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது, முழங்காலுக்குக் கீழே நிற்கும், விரல் திறந்த கிளாஸ் 2 (நடுத்தர இறுக்கம்) தான். தொடை வரை வருவது நம் ஊர் வியர்வையில் வழுக்கி இறங்கி, முழங்கால் மடிப்பில் சுருண்டு கொள்ளும்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80-90 மி.மீ. பாதரசம் வரை ஏறும். நடந்தால் ஆடுசதை ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுவதால் 30-க்கும் கீழே இறங்கும். சிரை விரிந்துவிட்டால் உள்ளிருக்கும் வால்வு இதழ்கள் ஒன்றையொன்று தொடாது. ஏறிய ரத்தம் திரும்ப வழியும். வெளியிலிருந்து இறுக்கும்போது சிரை ஒடுங்குகிறது, இதழ்கள் நெருங்குகின்றன, ரத்தம் வேகமாக ஏறுகிறது. ஜெர்மன் தரப்படி கிளாஸ் 2 கணுக்காலில் 23-32 தரும். மேலே போகப் போகக் குறையும். சிரைநோயால் அவதிப்பட்ட பொறியாளர் கான்ராட் ஜாப்ஸ்ட், நீச்சல் குளத்தில் நிற்கும்போது கால்வலி தணிவதைக் கவனித்துத்தான் இந்த அமைப்புக்கு வந்தார். ஆழத்தில் நீரழுத்தம் கூடுதல் அல்லவா!

புடைத்த சிரையை இது குணமாக்காது. கழற்றினால் பலனும் போய்விடும்.

அளவுதான் உயிர். மருந்தகம் திறக்கும் நேரத்துக்குள் கால் வீங்கத் தொடங்கிவிடும். அதனால் காலையில் படுக்கையை விட்டு எழுந்ததுமே கணுக்காலின் மெல்லிய இடம், ஆடுசதையின் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரையான உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியில் அழுத்த எண் இல்லாத ‘ஃப்ரீ சைஸ்’ காலுறைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

போடும்போது குதிகால் வரை உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாதத்தை நுழையுங்கள். குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு, ரப்பர் கையுறை அணிந்த உள்ளங்கையால் மேலே நீவுங்கள்; பட்டையைப் பிடித்து இழுத்தால் நூல் அறும். மேல்பட்டை முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும். நீளம் மிஞ்சுகிறதென்று மடித்துவிட்டால் அங்கே அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டியது போல ரத்தத்தை மறிக்கும். பலரும் செய்யும் தவறு இதுதான்.

ஈரக்காலில் ஏறாது, நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். கிரீமை இரவில் பூசுங்கள். தினமும் கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும், சாஃப்ட்னர் கூடாது. இரண்டு ஜோடி இருந்தால் வசதி. ஏறக்குறைய 6 மாதத்தில் மாற்றிவிடுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களும், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிப்பவர்களும் வாங்குமுன் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் ஓட்டத்தை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். தமனி கடுமையாக அடைபட்ட காலில் இதே இறுக்கம் தோலைப் புண்ணாக்கும். விரல் வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே கழற்றிவிடுங்கள்.