கோத்தகிரிச் சரிவு வீடும் ரெவிட்டின் கதவு அடையாளங்களும்

கோத்தகிரியில் தேயிலைச் சரிவை ஒட்டி எழும்பிவரும் ஒரு வீட்டின் பிளானை ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் வரைந்து, அதன் கதவுகளுக்கும் திறப்புகளுக்கும் அடையாளம் இட்ட அனுபவத்தைக் கொண்டே இம்மதிப்பீட்டை எழுதுகிறேன். அதற்கு முன்பெல்லாம் ஆட்டோகேடில் ஒவ்வொரு கதவின் அருகிலும் ‘டி1’, ‘டி2’ என்று கையால் தட்டச்சு செய்து, கதவுப் பட்டியலைத் தனியே எக்செல்லில் வைத்திருந்தேன். ஒரு கதவின் அகலம் மாறினால் இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும். இரண்டில் ஒன்றை மறப்பது என் வழக்கமாகவே இருந்தது.

ரெவிட்டில் அந்தத் தொல்லை இல்லை. கதவுக்குள் பதிவாகியிருக்கும் தகவலைத்தான் டேக், அதாவது கதவருகே இடும் அடையாளம், எடுத்துக் காட்டுகிறது என்பதால், ரெவிட்டுக்குள்ளேயே இருக்கும் பட்டியலில் எண்ணை மாற்றினால் பிளானிலும் அது தானாக மாறிவிடும். ‘டேக் ஆல்’ கட்டளை, திறந்திருக்கும் காட்சியில் அடையாளம் இல்லாத கதவுகள் அனைத்துக்கும் ஒரே தடவையில் அடையாளம் இட்டுவிடுகிறது.

ஆனால் நம் ஊர் வழக்கத்துக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நாம் ‘டி1’ என்று எழுதுவது 900க்கு 2100 மில்லிமீட்டர் போன்ற ஒரு வகையைக் குறிக்கும். அந்த வகையில் நான்கு கதவுகள் இருந்தால் நான்கின் மீதும் ‘டி1’ என்றே இருக்கும். ரெவிட்டுடன் வரும் கதவு டேக் காட்டுவதோ ‘மார்க்’ எனப்படும் தனிக்கதவு எண்ணை. ஒரே எண்ணை இரண்டு கதவுகளுக்குக் கொடுத்தால் உடனே எச்சரிக்கை வரும். எச்சரிக்கையைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வோரைப் பார்த்திருக்கிறேன்; அது தவறு. டேக்கின் வார்ப்புருவான டேக் ஃபேமிலியைத் திறந்து, லேபிளில் ‘மார்க்’ இருக்கும் இடத்தில் வகையின் குறியான ‘டைப் மார்க்’கை வைத்துவிட்டால் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடுகிறது.

மலைச்சரிவில்தான் இந்த மென்பொருளின் உண்மையான சோதனை. இந்த வீட்டில் கூடத்திலிருந்து பதினைந்து படிகள், அதாவது 2250 மில்லிமீட்டர், இறங்கினால் விறகும் தோட்டக் கருவிகளும் வைக்கும் அறை வருகிறது. அதற்குத் தனித் தளம் எதற்கு என்று நினைத்துக் கூடத்தின் தளத்திலேயே வரைந்துவிட்டேன். பிளான் காட்சி வழக்கமாகத் தளத்திலிருந்து 1200 மில்லிமீட்டர் உயரத்தில் கட்டடத்தை வெட்டிக் கீழ்நோக்கித் தளம் வரைதான் பார்க்கிறது; அதற்கும் கீழே இருந்த அந்த அறையின் கதவு படத்திலேயே வரவில்லை, படத்தில் வராத கதவுக்கு ‘டேக் ஆல்’ அடையாளமும் இடவில்லை. பட்டியலோ எந்தக் காட்சியையும் சாராமல் மாடலில் உள்ள எல்லாக் கதவுகளையும் எண்ணுவது. “சார், லிஸ்ட்ல பதினேழு கதவு போட்டிருக்கீங்க, பிளான்ல நான் பதினாறுதான் எண்ணினேன், மீதி ஒண்ணுக்கு நிலை எங்க நிறுத்துறது?” என்று ஆசாரி கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ‘பிளான் ரீஜன்’ கருவியால் அந்தப் பகுதிக்கு மட்டும் வெட்டும் உயரத்தை இறக்கியதும் கதவு தெரிந்தது. அடையாளத்தை அதன்பின் தனியாக இட்டேன். அன்றிலிருந்து பிளானில் உள்ள டேக்குகளை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடாமல் எந்தத் தாளையும் அச்சிட அனுப்புவதில்லை.

கதவில்லாத திறப்புகளில் ரெவிட் என்னை ஏமாற்றியது என்றே சொல்வேன். கூடத்துக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவிலுள்ள அகன்ற திறப்பை ‘வால் ஓப்பனிங்’ கருவியால் வெட்டினால் அதற்கு டேக் இட வழியில்லை. பலகை இல்லாத கதவு ஃபேமிலி ஒன்றை அங்கே வைத்து ‘ஓ1’ என்று அடையாளம் இடுவதே நடைமுறை. ஆனால் அதுவும் கதவுப் பட்டியலில் ஏறிவிடும் என்பதால், ஃபில்டர் போட்டு விலக்காவிட்டால் உண்மையில் இல்லாத கதவொன்று மரக்கணக்கில் சேர்ந்துவிடும்.

மழைக்காலத்தில் இங்கே மரம் ஈரம் குடித்து உப்புவதால், வெளிக்கதவுகளுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதையும், கீல் எந்தப் பக்கம் என்பதையும் அடையாளத்திலேயே காட்ட விரும்பினேன். புதிய தகவல் டேக்கில் தெரிய வேண்டுமானால் அது ‘ஷேர்ட் பாராமீட்டர்’ ஆக, அதாவது கதவுக்கும் டேக்குக்கும் பொதுவாக வரையறுத்த தகவல் புலமாக, இருக்க வேண்டும்; முதல் தடவை அமைக்க எனக்கு அரை நாள் பிடித்தது. அதிலும் ஒரு கவனம் வேண்டும்: கீல் பக்கத்தை நாமே தட்டச்சு செய்திருந்தால், பிறகு ஸ்பேஸ்பாரை அழுத்திக் கதவைத் திருப்பினாலும் ‘இடம்’ என்ற எழுத்து ‘வலம்’ ஆகாமல் அப்படியே நிற்கும்.